குளக்கரைப் புல்

அரிவாளை அண்ணாச்சி பிடுங்கி வைத்துக்கொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். தூறல். நின்றால் திரும்பிப் போய்விடுவேன் போலிருந்தது, நிற்கவில்லை.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம், அக்ரஹார வீடுகளுக்குப் பால். எனக்குக் குளக்கரையில் புல் அறுக்கிற வேலை, தொழுவத்திலேயே படுக்கை. தண்ணீருக்குள் நிற்கிற புல்லைத் தின்றால்தான் பால் சுரக்கும் என்பார். நானும் தண்ணீர் மட்டம் வரை ஒட்ட அறுப்பேன்.

சினையாயிருந்த செவலைப் பசுவுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியது. முள் குத்தியிருக்கும் என்று மஞ்சள் பூசினோம். வீக்கம் வடியவில்லை. கண்ணிமையை விலக்கினால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. சாணியைச் சோதித்த டாக்டர், ஈரலில் தட்டைப்புழு என்றார். குளத்து நத்தையிலிருந்து வெளிவந்து புல்லில் ஒட்டிக்கொள்ளுமாம். மருந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச காலம் குளத்துப் புல்லை நிறுத்தி வைக்கோல் போடச் சொன்னார். இன்னொரு தடவை வந்தால் தாயும் தாங்காது, கன்றும் தாங்காது.

வீக்கம் வடிந்ததும் அண்ணாச்சி என்னை மறுபடி குளத்துக்கு விரட்டினார்.

"மருந்து கொடுத்தாச்சுல்லா? பொறவென்ன?"

"அது உள்ள இருந்த புழுவுக்கு அண்ணாச்சி. இனிமே போறதுக்கு?"

"நீ எத்தனாங் கிளாஸுலே?"

"எட்டுல பாதி."

"மீதிப் பாதியும் படிச்சிருந்தா ஊசியும் நீயே போட்டிருப்பே, அல்லே?"

பால் கறக்கிறவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் போனேன். கரையில் குனிந்தால் தண்டுக்குத் தண்டு நத்தை. வெறுங்கூடையோடு திரும்பினேன்.

"புல்லு அறுக்காதவனுக்கு இங்க என்னலே சோலி?"

நியாயமான கேள்விதான்.

சாப்பாடு சரியில்லை என்று வேலையை விட்டிருக்கிறேன், காரணமே இல்லாமலும் விட்டிருக்கிறேன். ஒரு பசுவுக்காக விட்டதில்லை. ஆனால் நான் விட்டதால் அதற்கு என்ன லாபம்? நாளைக்கே வேறொருத்தன் அறுப்பான். போட்டதை அது தின்னும். பஸ் ஸ்டாண்டில் படுத்தும் கால்கள் சும்மா இருக்கவில்லை.

காலையில் ஆரியசாலையில் மாட்டுத்தீவனக் கடை ஒன்றின் வாசலில் வைக்கோல் லாரி நின்றது. ஆள் வேண்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் என் தோளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"கீழே சிந்துறதை நான் எடுத்துக்கிடட்டுமா மொதலாளி?"

"மாடு வச்சிருக்கியா?"

"ஸ்ரீவராகத்துல ஒண்ணு நிக்கி" என்று சொல்லிவிட்டு முதல் கட்டைத் தூக்கினேன்.