இன்ஜின் பாக்ஸ் மேல் ஓர் இடம்

செய்தி எனக்கு டீ பிரேக்கில் வந்தது. லைனில் நிற்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், என் கணவர் வேலு சூப்பர்வைசர் மேடத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என் தோளில் கை வைத்து, எங்கள் ரூட் டிரைவர் தவறிவிட்டாராம் என்றார். காலையில்தான் எங்களை இறக்கிவிட்டு, மதியம் பார்ப்போம் என்று கையாட்டிவிட்டுப் போனார். படப்பையில் தம் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர் இப்படியா தவறுவது?

ஞானமுத்து அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்கு ஆள் ஏற்றிவரும் பேருந்தின் ஓட்டுநர் அவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எப்போதும் தேய்த்த வெள்ளைச் சட்டை. வண்டியில் பாட்டுப் போட மாட்டார், தாமே கிறிஸ்தவக் கீர்த்தனை பாடுவார். சுருதிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. உங்க ஆண்டவருக்குக் காது நல்லாத்தான கீது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அதனாலதான பிள்ள அவரப் பொறுமையுள்ளவருன்னு சொல்லுதோம்" என்று சிரித்தார்.

அவர் ஒரு காலத்தில் மொடாக்குடிகாரர். இதை நான் துணிந்து எழுதக் காரணம், அவரே யாரிடமும் மறைத்ததில்லை. ஊரில் லாரி ஓட்டியபோது குடித்துக் குடித்து வேலையும் போய், லைசென்ஸும் போய், கடைசியில் மனைவி எஸ்தர் அக்காவின் பிடிவாதத்தால் மீண்டு, லைசென்ஸையும் திரும்ப வாங்கி, ஆள் தெரியாத இந்தப் பக்கம் வந்து புதிதாகப் பிழைக்கத் தொடங்கியவர்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம் எங்களுக்கெல்லாம் எரிச்சலூட்டியது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் ஸ்டாப்புக்கு நேரெதிரே ஒயின் ஷாப். அண்ணன் அங்கே வண்டியை நிறுத்த முடியாது என்றுவிட்டார். டிராவல்ஸ் முதலாளியிடம் பேசி, ஸ்டாப்பைக் கடைக்கு முன்னாலேயே கொஞ்சம் தள்ளி மாற்றிக்கொண்டார். எங்களுக்கு வெயிலில் நடை. குடியை விட்டவருக்கு ஒரு போர்டைப் பார்க்கக்கூடவா பயம் என்று நான் வாய்விட்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பயந்தான் பிள்ள. எங்க ஜெபத்துல, சோதனைக்குள்ள எங்களக் கொண்டு போயிராதேன்னு தெனமும் கேக்கோம். அவருகிட்ட அப்படிக் கேட்டுட்டு, நானே வண்டிய ஓட்டிட்டுப் போயி அது முன்னால நிறுத்துனா என்ன நியாயம்?"

அடுத்த நாள் முதல் புது ஸ்டாப்பிலேயே ஏறினேன். வெயிலில் நடக்கும்போது மட்டும் திட்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று டிராவல்ஸ் ஷெட்டில் எல்லா வண்டிகளையும் கழுவிப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டுவோம். அண்ணன்தான் முதல் ஆளாக வந்து வண்டியைக் கழுவுவார். பொரி, சுண்டல் எல்லாம் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுவார். பூசணிக்காய் உடைத்த கையோடு ஆளைக் காணோம். வேதக்காரர், அதனால் போய்விட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். அப்படி இல்லை. பூஜை முடிந்ததும் டிரைவர்களுக்கு முதலாளி தரும் பார்ட்டி ஒன்று உண்டு. அந்தப் பாட்டில்கள் திறப்பதற்குள் அவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். உங்கள் சாமிக்கு நான் ஒதுங்கவில்லை, அதற்குப் பின்னால் வருகிற ஆசாமிக்குத்தான் ஒதுங்குகிறேன் என்றார்.

அதே ஷெட்டில்தான் என் கணவரும் ஸ்பேர் டிரைவர். அந்தப் பார்ட்டிகளில் கடைசிவரை இருந்தவர் அவர்தான். வருடா வருடம் வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் இருக்கும்வரை தங்கமான மனிதர். கழற்றிய அன்று சாயந்திரமே பழைய ஆள். ஒருநாள் காலையில் வாடையோடு போய் நின்றதும், முதலாளி இனி ஸ்டீயரிங்கைத் தொடாதே, வண்டி கழுவு என்றுவிட்டார். நான் பையைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு மணிமங்கலம் கிளம்ப இருந்தேன். வேலை போவதா, வீடு போவதா என்றிருந்த அந்த நேரத்தில்தான் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

அவர் வேலுவைத் திட்டவில்லை. எங்க சபைக்கு வா என்றும் கூப்பிடவில்லை. மாலை போட்டிருக்கும்போது மட்டும் எப்படிக் குடிக்காமல் இருக்க முடிந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாமி மேல பயம்ணே என்றார் இவர்.

"பயம் சரிதான். ஆனா அப்போ நீ தனியாவா இருந்த? கூட நடக்க ஆளு, கூடத் திங்க ஆளு. மாலையக் கழத்துன அன்னைக்கு நீ ஒத்தையில நின்னுட்ட. ஆண்டவரு வனாந்தரத்துல பசிச்சு ஒத்தையில இருக்கும்போதுதான் சாத்தான் வந்தான். அவருக்கே சோதனை வந்துச்சு, நமக்கு வராதா? வாரது பாவமில்ல வேலு. வாசல்ல நிக்கவன உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டுப் பேசுதோம் பாத்தியா, அங்கதான் தோக்கோம்."

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வேலு, அண்ணனின் வண்டியில்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு. டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பாக்ஸ் மேல் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதில் உட்காரவைத்தார். பையில் இருந்து முறுக்கோ வாழைப்பழமோ எடுத்துக் கொடுப்பார். பசியோடு இருக்கிறவனிடம் அவன் சுலபமாகப் பேசிவிடுவானாம். பிறகு அந்த இடம் வேலுவுக்கு மட்டும் என்றில்லாமல் ஆயிற்று. அண்ணே, இன்னிக்கு முன்னாடி உக்காந்துக்குறேன் என்று யாராவது வந்து நின்றால், ஏன் எதற்கு என்று வண்டியில் ஒருவரும் கேட்க மாட்டோம். வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் வந்திருக்கிறார்கள்! சிலருக்குக் குடி, சிலருக்கு போனில் சீட்டாட்டம். ஸ்டாப்பில் இறக்கிவிடாமல் அறை வாசல்வரை கொண்டுபோய் விடுவார். எங்களுக்கு வீட்டுக்குப் போகத் தாமதமாகும். அதற்காக அவரைத் திட்டியவர்களில் நானும் உண்டு.

வேலு மெல்ல மெல்லத் தேறினார். ஸ்டீயரிங் திரும்பக் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் எஸ்தர் அக்கா போனார். அடக்கம் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். அந்தக் கீர்த்தனை மட்டும் நின்றுபோயிற்று. அதைக் கேலி செய்த எனக்கே வண்டி வெறிச்சென்று இருந்தது.

ஒருநாள் மதியம் ஷிப்ட் முடிந்து வண்டியில் ஏறுகிறோம், டிரைவர் சீட்டில் அண்ணன் இல்லை. ஷெட்டிலிருந்து வேலுவை வரவழைத்திருந்தார். எங்கள் எல்லார் முன்னாலும் சாவியை அவர் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு வேலு. இன்னைக்கு இந்த எடம் எனக்கு."

சொல்லிவிட்டு இன்ஜின் பாக்ஸ் மேல் போய் உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தம் சாப்பாட்டுப் பையை நீட்டினார். அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், தூக்கமாவது வரட்டும் என்று அலமாரியில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலை டிரிப் முடிந்து வீட்டுக்குப் போனவர் கண்ணில் அது பட்டுவிட்டது. தனி வீட்டில் அதோடு இருக்கப் பயந்து, அதையும் தூக்கிக்கொண்டு எங்களிடமே வந்துவிட்டார். மூடி திறக்கவில்லை.

"சுந்தரி, இத நீயே கொட்டிரு. அவன் கையில மட்டும் குடுத்துராத."

தாம் விழப்போகிற நேரத்திலும் வேலு விழுந்துவிடக் கூடாது என்று பார்த்தாரே, அந்த மனசுக்கு நான் என்ன பேர் வைப்பேன்?

வீட்டருகே இறங்கி, சாக்கடை ஓரமாக நின்று கொட்டினேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்ட என் நாத்தனார் இன்றுவரை ஒருமாதிரியாகத்தான் பேசுகிறார். பேசட்டும். அண்ணனை வேலு படப்பையில் விடாமல் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். அண்ணன் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, வேலு சமையல்கட்டில் என் பக்கத்தில் வந்து நின்று அழுதார்.

"என்னாண்ட சாவியக் குட்த்தாரு சுந்தரி. என்னாண்ட."

சில நாட்களில் கீர்த்தனை திரும்பிவந்தது. சுருதி அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு ஜெயித்துவிட்டீர்களே என்று நான் பாராட்டியபோது மறுத்தார். தாம் ஜெயிக்கவில்லை, ஆண்டவர் வண்டி நிறைய ஆள் ஏற்றிவைத்துத் தம்மைக் காப்பாற்றினார் என்றார்.

எஸ்தர் அக்காவின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தோம். கல்லறைக்கு ஆட்களை ஏற்றிவந்தது அவருடைய அதே வண்டி, ஓட்டியவர் வேலு. எங்கள் பக்கம் சாவென்றால் ஆண்களுக்குப் பாட்டில் இல்லாமல் இருக்காது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஷெட்டு ஆட்கள் வேலுவின் கையைப் பிடித்தார்கள். வண்டியை யாராவது விட்டுக்கொள்வார்கள், அண்ணனுக்காக ஒன்றே ஒன்று என்றார்கள். வேலு கையை விடுவித்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஓட்டணும், அங்க உக்கார முடியாது. நீ முன்னாடி வந்து உக்காரு சுந்தரி."

போனேன். அண்ணன் மடித்துப் போட்ட போர்வை அப்படியே இருந்தது. உட்கார்ந்ததும் கீழிருந்து சூடு ஏறியது. என் பையில் இருந்த வாழைப்பழத்தை உரித்து வேலுவிடம் கொடுத்தேன்.

போய் வாருங்கள் அண்ணே. எஸ்தர் அக்காவை நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள். அன்றைக்கும் வண்டி ஒயின் ஷாப் எதிரில் நிற்கவில்லை. மற்றவர்களை விட்டுவிட்டு வந்து, நீங்கள் மாற்றிவைத்த ஸ்டாப்பில்தான் வண்டியை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு இறங்கினோம். வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனோம், இரண்டு பேருமாக.