ஏழு மூங்கிலும் ஒரு பிரான்சுத் தூண்டிலும்

“முழுவிப்பூட்சின்னு உனக்கு யாரு சொன்னா? கோடி வூட்டுக்காரியா? அவ கண்டா! அன்னிக்கி அவ இந்தத் தெருவுக்கு வாழவே வரலடி. கொப்பரையும் முழுவல, எங்க அத்தையும் தண்ணியில வுழல. முந்தானை நனைஞ்சுது, அவ்ளோதான். இப்டி குந்து, நான் சொல்றேன்.”

சுவரை ஒட்டிக் குடியிருக்கிறவள் நீ. கதையை என்னிடம் கேட்காமல் கோடி வீட்டில் போய்க் கேட்டாயே!

கொப்பரை என்றால் வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை. நாலு பேர் தாராளமாகச் சம்மணம் போட்டு உள்ளே உட்காரலாம், அத்தனை பெரிசு. எங்கள் மாமனார் அதில் எத்தனையோ வருஷம் வெல்லம் காய்ச்சியவர். கரும்பெல்லாம் லாரி ஏறி ஆலைக்குப் போக ஆரம்பித்த பிறகு கொப்பரைக்கு வேலை இல்லை. தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்தது. கோழி அதன் கீழேதான் அடை காக்கும். நான் கல்யாணம் ஆகி வந்து, கோழியைக் கூடைக்கு மாற்றி, கொப்பரையைப் பாகூர் ஏரிக்கு உருட்டிக்கொண்டு போனேன். பிறந்த வீட்டில் அப்பாவோடு தூண்டில் போட்டே வளர்ந்தவள் நான். கரையில் நின்று போட்டால் அரைச்சாண் கெண்டைதான் வரும். தடித்த சிலேபி, பனையேறி மீனெல்லாம் ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்களின் அடியில்தான் கிடக்கும். வலைக்குத்தான் குத்தகை, தூண்டிலுக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொப்பரையை ஒரு மரத்தில் கட்டிவிட்டு இரண்டு தூண்டில் போட்டால் வீட்டுக்குக் குழம்பு நிச்சயம்.

அந்தத் தை மாதம், செல்லிப்பட்டில் இன்னும் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் வந்து கொப்பரையை விலைக்குக் கேட்டார். மாமனார் சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கு அடுப்பங்கரையில் கை ஓடவில்லை. குழம்பைத் தாளிக்க மறந்து அப்படியே இறக்கி வைத்தேன். மாமனாருக்கு நாக்கு நீளம், உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னாம்மா, கொழம்பு மொட்டையா கீது?”

“கொப்பரைய வித்தா இனிமே மொட்டக் கொழம்புதான் மாமா.”

எங்கிருந்து எனக்கு அந்த வாய் வந்ததோ! அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தை என்றால் என் மாமியார்தான், மீன் என்றால் அவருக்கு உயிர். மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“வர்ற ஞாயித்துக்கெழம வில்லியனூர்லேந்து நம்ம பொண்ணக் குடுத்த வூட்டாளுங்க விருந்துக்கு வர்றாங்க. அத்தினி பேருக்கும் ஏரி மீனு புடிச்சாந்து ஆக்கிப் போடு. பத்துச்சின்னா கொப்பரை உன்னுது. பத்தலன்னா அன்னிக்கே வண்டியில ஏத்திடுவேன். அப்பறம் மூஞ்சத் தூக்கிக்கினு நிக்கக் கூடாது.”

“சரி மாமா” என்றேன். பயமா? பயம் என்ன பயம். எனக்குத் தெரியும், என் கைக்கு மீன் வரும். ஆனால் மரத்தில் கட்டிப் போட்டு இரண்டு தூண்டிலோடு உட்கார்ந்தால் அத்தனை பேருக்குக் காணாது. நிறையத் தூண்டில் வேண்டும். எட்டுக்கால் பூச்சி காலை விரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி கொப்பரையின் முன்பக்கம் முழுக்கக் கழிகளை விரித்துக் கட்ட வேண்டும். இரையெல்லாம் ஒரே வரிசையாகத் தண்ணீருக்குள் மெல்ல நகர்ந்து போக வேண்டும். மீன் நம்மைத் தேடி வராது, நாம்தான் அது படுத்திருக்கிற இடத்துக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

கழிகள் குருவிநத்தம் ஆற்றங்கரை மூங்கில். அதற்கு முந்தின வருஷம் வெட்டி, பரண்மேல் நிழலில் உலர்த்தி வைத்திருந்தேன். அவற்றில் ஏழைப் பொறுக்குவதற்குள் என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கத்தரிக்காயை எடுத்து ஒவ்வொரு கழியின் நுனியிலும் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். எல்லாக் கழிக்கும் அதே கத்தரிக்காய்தான். நுனி எவ்வளவு தாழ்கிறது என்று சுவரில் கரியால் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நின்றால் விறைப்பு, வேண்டாம். கோட்டைத் தாண்டித் தொங்கினால் தொளதொளப்பு, அதுவும் வேண்டாம்.

“பொண்ணு பாக்கறதுக்குக்கூட எங்கம்மா இத்தினி நேரம் எடுத்துக்கல” என்றார் அவர்.

“அதனாலதான் நான் வந்து மாட்னேன். அந்தக் கழிய இப்டி குடுங்க.”

காரணம் இருக்கிறது. ஏழு நுனியும் ஒரே மாதிரி குனிந்துகொண்டு போனால்தான், மீன் தொட்ட நுனி மட்டும் தனியாகத் தெரியும். ஒன்று விறைத்தும் ஒன்று துவண்டும் நின்றால் எது மீன், எது காற்று என்று கண்ணுக்குப் புரியாது. கழியின் அடியில், மில்லில் கழித்துப் போட்ட நூல் கட்டையை ஆணி வைத்து அடித்துவிடுவேன். எங்கள் அண்ணன் மில்லில் இருந்தார், அவர் கொண்டுவந்து கொடுத்தவை. அதில் நைலான் நரம்பைச் சுற்றி வைத்தால், வெயில் ஏற ஏற மீன் ஆழத்துக்குப் போகும்போது இரண்டு சுற்று இறக்கிவிடலாம். எனக்குத் தூண்டில் சக்கரம் என்றால் அதுதான். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

ஆனால் சின்ன மாமா விடவில்லை, தன் தூண்டிலையும் சேர்த்துக் கட்டு என்றார். சின்ன மாமா என்றால் அத்தையின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். ஊரே அவரைச் சொல்தா என்றுதான் சொல்லும், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தமாம். பிரான்சிலிருந்து ஒரு தூண்டில் கொண்டுவந்திருந்தார். துணி உறையில் மூன்று துண்டாக இருக்கும். ஒன்றோடொன்று செருகினால் ஆள் உயரத்துக்கு மேல் போகும். பளபளவென்று ஒரு ரீல், கைப்பிடியைச் சுற்றினால் கிர்ர் என்று சத்தம் போடும். அதை வைத்து அவர் மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் எப்படி வீசுவது என்று தெருவில் நின்று காட்டினார். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையில் முள் மாட்டி, புடவை கிர்ர் என்று அவரிடம் வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரி பின்னாலேயே ஓடிவந்தாள்.

நான் அந்தத் தூண்டிலுக்கும் கத்தரிக்காய் கட்டிப் பார்த்தேன். நுனி அசையவே இல்லை.

“இது ஒத்து வராது சின்ன மாமா. எங்க மூங்கிலோட சேராது.”

“இன்னாது, சேராதா? இதுல பத்து கிலோ மீன இஸ்துகினு வரலாம்மா!”

“நம்ம ஏரியில பத்து கிலோவுக்கு நீங்கதான் குதிக்கணும்.”

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தை குறுக்கே புகுந்தார். “என் தம்பி அந்தாண்டேந்து தூக்கினு வந்தது, கடாசிட்டுப் போறியா? நானே வரேன். அது என் கையில இருக்கட்டும்.” அத்தை வருகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். கழியெல்லாம் முன்பக்கம் நீட்டினால் பின்பக்கம் கனம் வேண்டுமே. எங்கள் அத்தை நல்ல கனம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இறங்கினோம். குறுக்கே ஒரு பலகை போட்டு, சைக்கிள் டியூபைக் கிழித்த நாடாவால் ஏழு கழியையும் விரித்துக் கட்டினேன். மண்புழு மாட்டியாயிற்று. பின்னால் அத்தை, வாயில் வெற்றிலை, மடியில் பிரான்சுத் தூண்டில். கரையில் மாமனார், என் வீட்டுக்காரர், தொப்பி போட்டுக்கொண்டு சின்ன மாமா. கொஞ்சம் தள்ளி, மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியில் சாய்ந்திருந்தார் செல்லிப்பட்டுக்காரர். கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்!

நான் துடுப்புக் கழியை ஊன்றித் தள்ளினேன். அங்கேதான் வந்தது வினை. முன்பெல்லாம் எப்படியோ சுற்றிச் சுற்றிப் போய் மரத்தில் கட்டின பிறகுதான் தூண்டில் போடுவேன், கொப்பரை சும்மா நிற்கும். இப்போது தூண்டிலோடு தள்ளினால் நேராகப் போவேனா என்கிறது. வட்டம்தானே! இந்தப் பக்கம் தள்ளினால் இப்படி ஒரு சுற்று, அந்தப் பக்கம் தள்ளினால் அப்படி ஒரு சுற்று. ஏழு நரம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அவிழ்த்துப் போட்டுத் தள்ளினேன், மறுபடியும் சுற்றியது.

“இன்னா ஆயா, ராட்டினமா?” என்று கரையிலிருந்து கத்தினார் அந்தச் செல்லிப்பட்டு வண்டிக்காரர். “ஒரு சுத்துக்கு இன்னா காசு?”

“உன் பொண்டாட்டிய இட்டாடா, சும்மாவே சுத்திக் காட்றேன்!” என்றார் அத்தை. என்னிடம் திரும்பி, “ஏண்டி, எனக்குத் தல கிறுகிறுங்குது. ஒரு மீனாவது வருமா?” என்றார்.

விருந்தாளிகள் பஸ் ஏறியிருப்பார்கள். மறுபடி நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தம்பி காட்டிக்கொடுத்த மாதிரி அந்தத் தூண்டிலை முன்பக்கமாக ஒரு வீசு வீசினார். முள் தூரத்தில் நிற்கிற கருவேல மரத்தின் பக்கம் போய் விழுந்தது. அடுத்த நிமிஷம் ஒரு அலறல்.

“ஏய்! மாட்டிக்கிச்சி! பெரிசுடி! அசைய மாட்டேங்குது!”

“சுத்துங்க அத்தை!”

அத்தை சுற்றினார். கிர்ர், கிர்ர். நரம்பு விறைத்தது. கொப்பரை மெதுவாக, கோடு போட்ட மாதிரி, நேராக நகர்ந்தது.

“அய்யய்யோ, நம்மளையே இழுக்குதுடி! மொதலையா இருக்கப் போவுது!”

எனக்குப் புரிந்துவிட்டது. முள் தண்ணீருக்கடியில் இருந்த மரக்கிளையில் மாட்டியிருக்கிறது. அத்தை மீனை இழுக்கவில்லை, எங்களைத்தான் மரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் மூச்சு விடவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரே!

“வுடாதீங்க அத்தை! மெதுவா! ரொம்ப வேகமா சுத்தினா அறுத்துக்கினு பூடும்!”

அவர் மெதுவாகச் சுற்றச் சுற்ற, ஏழு மூங்கிலும் ஏழு இரையை ஒரே வரிசையாக முன்னால் நகர்த்திக்கொண்டு போயின. நான் கனவு கண்டது அதைத்தான். ஏழு நுனியும் ஒரே மாதிரி குனிந்திருந்தன. திடீரென்று இடது ஓரத்து நுனி மட்டும் தாழ்ந்தது. தூக்கினேன், உள்ளங்கை அகலச் சிலேபி. போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நடுக் கழி. அதற்குப் பிறகு கண்ணுக்கும் கைக்கும் ஓய்வே இல்லை. மரம் நெருங்க நெருங்க மீன் கனத்துக்கொண்டே வந்தது. சிலேபி, பனையேறி, நடுவில் ஒரு குறவைகூட வந்தது.

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தை எட்டிப் பார்த்தார். கொப்பரை சாய்ந்து, முந்தானை தண்ணீரில் விழுந்தது. கோடி வீட்டுக்காரி சொன்ன கதை அந்த இடத்தில்தான் முளைத்திருக்கும்.

“மரமாடி இது?”

“மரந்தான் அத்தை.”

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கூடையில் துள்ளுகிற மீனையும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, முள்ளைக் கிளையிலிருந்து கழற்றி, “அடுத்தது எந்த மரம்னு சொல்லு” என்றார்.

அவ்வளவுதான்! நான் மரத்தைக் காட்டுவேன், அத்தை வீசுவார். நாலு தடவை தப்பும், அஞ்சாவது தடவை மாட்டும். இப்படியே ஏரிக்குள் மரத்துக்கு மரம் போய்வந்தோம். அந்த விறைத்த பிரான்சுத் தூண்டிலை மூங்கிலோடு சேராது என்று தள்ளியவள் நானே. கொப்பரையை இழுக்க அதைவிட்டால் வேறெதுவும் இல்லை. என் மூங்கிலைக் கட்டி இழுத்திருந்தால் நுனி பொட்டென்று போயிருக்கும். அன்று முதல் நான் மீனுக்கு மூங்கில், கொப்பரைக்கு ரீல் என்று பிரித்துவிட்டேன்.

கரைக்கு வந்தபோது அன்னக்கூடை கழுத்து வரைக்கும் மீன். சின்ன மாமா ஓடிவந்தார்.

“அக்கா, என் தூண்டில்ல இன்னா புடிச்ச?”

“கருவேல மரம் புடிச்சேன்டா. ஒண்ணா ரெண்டா, எண்ணவே இல்ல. கொழம்பு வெக்கட்டா, வறுக்கட்டா?”

அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமனார் சிரிக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

“கொழம்புக்கு ஆச்சி. வறுவலுக்கு?”

வறுவல் என்று முதலில் சொல்லவே இல்லையே! வண்டிக்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கொப்பரைக்குள்ளிருந்து குரல் வந்தது. அத்தை இன்னும் இறங்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு, தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வறுவலுக்கும் நானே புடிச்சாறேன். கொப்பரைய ஏத்தணும்னா என்னையும் சேத்து ஏத்து. செல்லிப்பட்டுல போய்க் குந்திக்கிறேன். நீ இங்க மொட்டக் கொழம்பு துன்னுகினு இரு.”

வண்டிக்காரர் அத்தையை மேலும் கீழும் பார்த்தார். “அய்யே, என் மாடு தாங்காது பெரியவரே” என்றார்.

அதற்குமேல் மாமனாரால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கி வண்டியிலேயே போட்டார். “கொப்பரை இல்லபா. வந்ததுக்கு இருந்து ஒரு வாய் துன்னுட்டுப் போ” என்றார். வில்லியனூர்க்காரர்களோடு வண்டிக்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பும் பத்தியது, வறுவலும் பத்தியது. வறுவலுக்கு நானும் அத்தையும் இன்னொரு தரம் உள்ளே போனோம் என்று வைத்துக்கொள். மாமனார் போகச் சொல்லவில்லை, அத்தைதான் கேட்கவில்லை. அவருக்கு அந்த ரீலை விட்டு இறங்க மனசே இல்லை. அப்புறம் சின்ன மாமா அதைத் திருப்பிக் கேட்டபோது எங்கள் அத்தை என்ன சொன்னார் தெரியுமா...

“ஐயோ, மீதிக் கதைய அப்பறம் சொல்றேன்டி, கொழாய்ல தண்ணி வந்துட்ச்சி பாரு, சத்தம் கேக்குது! உன் கொடம் எங்கடி? எழுந்திரு, எழுந்திரு, கோடி வூட்டுக்காரி மொதல்ல வெச்சிடுவா!”