கிராணி காட்டிய கருணை

குமாஸ்தாவாக இருந்த கலியாணசுந்தரம் கிராணியின் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். ஜப்பான் காலத்தில் கிராணி பல குடும்பங்களைச் சியாம் மரண ரயில் பாதையிலிருந்து காப்பாற்றினாராம். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பேசியவர் அந்தக் காலத்தில் பிறந்திருக்கவே இல்லை. இரங்கல் கூட்டத்தில் மறுத்துப் பேசுவது முறையல்ல. அதனால் எழுதுகிறேன். அவர் கீழ் வேலை செய்த பூங்காவனத்தின் வாழ்க்கையை உள்ளபடி எழுதினாலே அந்தப் பேச்சுக்குப் பதில் கிடைத்துவிடும்.

பூங்காவனம், நாகம்மா, கணேசமூர்த்தி ஆகிய மூவரும் தனித்தனியே என்னிடம் சொன்னவற்றில் ஒன்றுக்கொன்று முரண்படாதவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கோயிலில் நடந்தது நானே கண்டது.

பூங்காவனம் டுரியான் துங்கல் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். நல்லையாவைக் கட்டிக்கொண்டு மலாக்கா நகரத்துக் காஜா பெராங்குக்கு வந்தார். சண்டைக்கு முன்னால் இருவரும் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்குத் துணி வெளுத்தார்கள். நல்லையா வெள்ளாவி வைத்துத் துவைப்பார். பூங்காவனம் இஸ்திரி போடுவார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்தருகே தூக்கிப் பிடித்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார். பேச்சு குறைவு. சிரித்தால் மட்டும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஜப்பான்காரன் வந்ததும் பங்களாக்கள் காலியாயின. ராணுவ ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கக் காஜா பெராங்கில் ஒரு டோபிக் கொட்டகை போட்டார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு அரிசிப் பங்கு உண்டு என்றார்கள். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலம். நல்லையா வெள்ளாவி அடுப்புக்கும் பூங்காவனம் இஸ்திரி மேசைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

கொட்டகைக்கு மேலாளாக ஒரு ஜப்பானிய சார்ஜன் இருந்தான். காலையில் வருவான், துணி மூட்டைகளைப் பார்ப்பான், போய்விடுவான். அவனுக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் இருந்தவர் கிராணி கலியாணசுந்தரம். ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய் நாலு வார்த்தை கற்றுக்கொண்டவர். சார்ஜனிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது, பேசினால் தலை போய்விடும் என்று முதல் நாளே அறிவித்தார். அது சார்ஜன் போட்ட சட்டம் என்று எல்லாரும் நம்பினார்கள். போட்டவர் கிராணி.

அவர் யாரையும் அடித்ததில்லை. அடித்திருந்தால் அவரைச் சீக்கிரம் புரிந்துகொண்டிருப்பார்கள். எல்லார் முன்னாலும் ஒருத்தியின் வேலையைக் கேவலமாகப் பேசுவார். பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு, "சார்ஜன் பாத்துக்கிட்டு இருந்தான், அதான் அப்படிப் பேசினேன், உன்னைக் காப்பாத்தத்தான்" என்பார். ஒருநாள் தோளில் தட்டுவார். மறுநாள் முகம் கொடுக்காமல் போவார். என்ன தப்பு செய்தோம் என்று அவரவர் ராத்திரியெல்லாம் யோசிக்க வேண்டும். தன்னை யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தது. அதை விதைத்தவர் மீது மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1943-இல் ரயில் பாதை போடச் சியாமுக்கு ஆள் பிடிப்பது கடுமையானது; போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரயிலின் தண்டவாளத்தையே அந்தப் பாதைக்காகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆட்களை விடுவார்களா? லாரி வந்து நின்றால் தெருவில் ஆண்பிள்ளை எவனும் இருக்கமாட்டான். கிராணி பூங்காவனத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு பூங்காவனம். ஏன் நிக்கிற, நீ என்ன அந்நியமா?"

"இருக்கட்டுங்க ஐயா."

"சியாமுக்கு நம்ம கொட்டகையிலயும் ஆள் கேக்கிறாங்க. உன் வீட்டுக்காரன் பேரத்தான் மொதல்ல சொன்னாங்க. நான் கால்ல விழாத குறைதான். கெஞ்சி நிறுத்தி வச்சிருக்கேன்."

பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"அழாத. உன் நட்சத்திரம் என்னா?"

"அஸ்தமுங்க."

"அட, நானும் அஸ்தம்தான்! பாத்தியா, அதான் உங்க மேல எனக்கு இவ்வளவு அக்கறை. ஆனா வெளியில மூச்சு விடாத. முக்கியமா அந்தக் கணேசமூர்த்தி காதுல விழுந்துடக் கூடாது. நல்லையாவ அனுப்பிட்டு அந்த வெள்ளாவி வேலையத் தனக்குக் குடுங்கன்னு எங்கிட்டயே வந்து நின்னவன் அவன்."

கணேசமூர்த்தி துவைகல்லில் வேலை செய்தவர். நல்லையாவின் பழைய சிநேகிதர். அன்றிலிருந்து பூங்காவனம் அவரோடு பேசுவதை விட்டார். புருஷனையும் பேசவிடவில்லை.

அதற்குப் பிறகு கிராணி வீட்டுத் துணியும் பூங்காவனத்தின் மேசைக்கு வந்தது. இஸ்திரி மேசையில் யார் என்ன பேசினார்கள் என்று வாரம் ஒருமுறை போய்ச் சொல்லவேண்டியதாயிற்று. சொல்ல ஒன்றும் இல்லாத வாரங்களில் கிராணி பெருமூச்சு விட்டு, "உனக்காக நான் எவ்வளவு பாடுபடறேன்" என்பார்.

ஆடி மாதத்தில் ராணுவச் சவுக்காரத்தில் ஒரு பெட்டி குறைந்தது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆதாரம் இல்லாததால் என் சந்தேகத்தை இங்கே எழுதமாட்டேன். கிராணி மறுபடியும் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை சார்ஜன் முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கணேசமூர்த்தி சவுக்காரம் எடுத்ததப் பாத்தேன்னு."

"நான் பாக்கலையே ஐயா."

"பாத்த மாதிரி நெனச்சுக்க. சியாமுக்கு ஒருத்தன் போயே ஆகணும்னு நெருக்கறாங்க. ஒரு திருடனப் பிடிச்சுக் குடுத்துட்டா நல்லையா விஷயத்த அப்படியே அமுக்கிடலாம். நான் கட்டாயப்படுத்தல. உன் இஷ்டம்."

உன் இஷ்டமாம்! திருடன் என்று பிடிபட்டவனை ஜப்பானிய ராணுவப் போலீசிடம் கொடுப்பார்கள். அங்கே போனவன் முழு உடம்போடு திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு பெண்ணின் கையில் அரிவாளைக் கொடுத்து, வெட்டப்படுவது உன் புருஷனா அவனுடைய சிநேகிதனா என்று கேட்டுவிட்டு, உன் இஷ்டம் என்கிறார். அறையை விட்டு வெளியே வரும்போது இன்னும் ஒன்று சொல்லி அனுப்பினார். "வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு எம்பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணு. நான் நல்லா இருந்தாத்தானே நீங்க நல்லா இருப்பீங்க."

ஆடி வெள்ளி மாலையில் காஜா பெராங் மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். அர்ச்சனைத் தட்டுகளை வரிசைப்படுத்துவது அப்போது என் பொறுப்பு. காகிதம் கிடைக்காத காலம் என்பதால் சீட்டு இல்லை. பெயரையும் நட்சத்திரத்தையும் வாயால் சொல்ல வேண்டும், நான் அதைப் பூசாரி அப்பாசாமிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வேன்.

முதலில் கணேசமூர்த்தி வந்தார். இரண்டு செம்பருத்திப் பூவும் ஒரு வாழைப்பழமும் தட்டில் இருந்தன. "கலியாணசுந்தரம், பூராடம்" என்றார். சொன்னேன். பூசை முடிந்தது.

அடுத்து நாகம்மா. இவர் மலாக்காச் செட்டி வம்சம். பாஜு கெபாயா என்ற மலாய்ச் சட்டை போட்டு, கொண்டையில் ஊசி குத்தியிருப்பார். வீட்டில் மலாய்தான் பேச்சு. கோயிலுக்கு வேண்டிய தமிழ் மட்டும் தெரியும். கொட்டகையில் அதிகாரிகளின் உடுப்புக்கு இஸ்திரி போடுகிறவர். "கலியாணசுந்தரம், ரோகிணி" என்றார். எனக்குக் கொஞ்சம் இடித்தது. வேறு கலியாணசுந்தரமாக இருக்கலாம் என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பூங்காவனம். "கலியாணசுந்தரம், அஸ்தம்."

அப்பாசாமி கற்பூரத் தட்டோடு திரும்பினார். "யாருய்யா இந்த ஆளு? ஒரே அம்மாவுக்கு மூணு தடவ பொறந்தவரா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பூங்காவனம் சிரிக்கவில்லை. "எங்க கிராணி. அவருக்கு அஸ்தம்தான், எங்கிட்டயே சொன்னாரு."

"பூராடம்" என்றார் பிராகாரத்தில் நின்ற கணேசமூர்த்தி. "எனக்கும் பூராடம். அதாலதான் என்னை விட்டுக்குடுக்க மாட்டேன்னாரு."

நாகம்மா தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "குவா ரோகிணி. டியா புன் ரோகிணி, டியா சாக்காப்." தனக்கும் ரோகிணி, அவருக்கும் ரோகிணி என்று கிராணியே சொன்னாராம்.

மூவரும் கிணற்றடிக்குப் போனார்கள். நானும் தட்டுகளைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

"உன்கிட்ட என்னா சொன்னாரு தங்கச்சி?" என்றார் கணேசமூர்த்தி.

"நீ எங்க வீட்டுக்காரர் வேலையப் பிடுங்கப் பாக்கிறேன்னாரு."

"நானா! நீ என்மேல சவுக்காரத் திருட்டுச் சொல்லப் போறேன்னு எங்கிட்ட சொல்லிருக்காரு. 'அவ வாயை நான்தான் அடக்கி வச்சிருக்கேன், இல்லாட்டா நீ சியாம்தான்'னு."

பூங்காவனம் தரையைப் பார்த்தார். "அது பொய்யில்ல அண்ணே. திங்கக்கிழமை சொல்லச் சொல்லிருக்காரு. மாட்டேன்னு நான் இன்னும் சொல்லல."

கணேசமூர்த்தியின் முகம் மாறியது. "சொல்லிருவியா?"

"தெரியல. இந்த நிமிஷம் வரைக்கும் தெரியல."

இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. பயத்தில் இருந்தவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவரைச் சொல்லுங்கள்.

அதே கொட்டகையில் வேலை செய்த நாகம்மாவின் புருஷனும் சியாமுக்குப் போகவேண்டியவனாம், கிராணிதான் நிறுத்தி வைத்திருக்கிறாராம். நாகம்மா கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டு, "குவா தான்யா" என்றார். நான் கேட்கிறேன் என்று அர்த்தம்.

"யாரை?"

"சார்ஜன்."

"தலை போயிடும் நாகம்மா!"

"கெப்பாலா குவா லா" என்றார். என் தலைதானே என்று.

சனிக்கிழமை காலையில் சார்ஜன் தன் உடுப்பை வாங்க வந்தான். நாகம்மா குனிந்து வணங்கிவிட்டு மலாயில் கேட்டார்: டோபிக்காரர்கள் சியாமுக்குப் போகவேண்டுமா? சார்ஜன் விழித்தான். பிறகு தனக்குத் தெரிந்த உடைந்த மலாயில், டோபி சியாமுக்குப் போனால் ஆஸ்பத்திரித் துணியை யார் துவைப்பது, உன் பாட்டியா என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். இந்தக் கொட்டகையிலிருந்து ஆள் எடுக்கும் பேச்சு ஆரம்பத்திலிருந்தே இல்லை. இல்லாத ஆபத்திலிருந்துதான் கிராணி இவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர்களிடம் இருந்ததையே எடுத்து அவர்களுக்குப் பிச்சையாகப் போட்டிருக்கிறார். இதைத்தான் இன்று கருணை என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்லையா மனைவியிடம் கேட்டார். "கிராணி சொன்னது பொய்யின்னே வச்சுக்குவோம். சார்ஜன் சொன்னதும் பொய்யா இருந்தா?"

"இருக்கலாம்."

"அப்ப லாரியில ஏறப்போறது நான்."

"தெரியுது. அதுக்காகப் பாக்காததப் பாத்தேன்னு நான் எப்படிச் சொல்ல?"

நல்லையாவும் பயந்தார். பயந்தபடியே மறுநாள் வேலைக்கு வந்தார்.

திங்கட்கிழமை கொட்டகை நடுவில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். கிராணி ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டுப் பூங்காவனத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பூங்காவனம் கிராணியிடம் பேசவில்லை. சார்ஜன் முன்னால் போய்க் குனிந்து வணங்கி, சந்தையில் கற்ற மலாயில், நான் எதையும் பார்க்கவில்லை என்றார்.

"என்னா உளர்ற?" என்றார் கிராணி, தமிழில்.

"நான் பாக்கல. கணேசமூர்த்தி எடுத்ததா நான் பாக்கல. யார் எடுத்தும் நான் பாக்கல" என்று பூங்காவனம் எல்லாருக்கும் கேட்கும்படித் தமிழில் சொன்னார். அதை நாகம்மா வரிசையில் நின்றபடியே மலாயில் சொன்னார்.

சார்ஜன் பூங்காவனத்தைக் கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். உதடு கிழிந்தது. நல்லையா ஒரு அடி முன்னால் வந்தார். கணேசமூர்த்தி அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். சாட்சி இருக்கிறது என்று சொல்லித் தன் நேரத்தை வீணாக்கியதற்காகச் சார்ஜன் கிராணியையும் அறைந்துவிட்டு, அடுத்த பெட்டி குறைந்தால் உன்னிடம்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கணேசமூர்த்தியைப் பிடிக்கவில்லை. லாரியும் வரவில்லை.

கிராணியின் வேலை போகவில்லை. அப்படி நியாயம் நடந்ததாக எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை அந்த நாற்காலியில் அவர்தான் இருந்தார். அந்த வாரமே தொற்றுநோய் வார்டுத் துணியைப் பூங்காவனத்தின் தலையில் கட்டினார். கிருமி சாக அந்தத் துணியை ஊறவைத்த சுண்ணாம்புத் தண்ணீரில் அவருடைய விரல்கள் வெந்துபோனதை நான் பார்த்தேன்.

ஆனால் கிணற்றடியில் அவர்கள் ஒன்று முடிவு செய்திருந்தார்கள். கிராணி ஒருவரிடம் தனியாக என்ன சொன்னாலும் அதை உடனே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். அவர் அறைக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. இஸ்திரி மேசைப் பெண்களுக்கும் அதைச் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கிராணி பூங்காவனத்தைக் கூப்பிட்டனுப்பினார். பூங்காவனம் வீங்கிய உதட்டோடு போனார். பின்னாலேயே நாகம்மா போனார். இஸ்திரி மேசையில் இருந்த மற்றப் பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். சிலர் கையில் கரிப்பெட்டி புகைந்துகொண்டிருந்தது. அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் பூங்காவனத்தத்தானே கூப்பிட்டேன்?"

யாரும் நகரவில்லை.

"என்னா இது, கூட்டம் கூட்டிக்கிட்டு? பூங்காவனம், உங்கிட்ட ஒரு விஷயம் தனியா பேசணும்."

"பேசுங்க ஐயா" என்றார் பூங்காவனம். "இவங்களும் கேக்கட்டும்."

கிராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே என்னென்ன சொல்லியிருந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தைகூட அவரிடம் இல்லை.

"ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தார்கள்.