ஒரு சேலை, மூன்று சிவப்பு

அத்தான் போய்விட்டார் என்று சிவகாசியிலிருந்து போன் வந்தபோது நான் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். பேசியது அக்கா. அழவில்லை. "மாலை போட அவுக படம் ஒண்ணு வேணும். உங்க வீட்ல இருக்கான்னு பாரு" என்றாள். இல்லை. அவள் வீட்டிலும் இளவயசுக் கல்யாண ஆல்பத்தோடு சரி. அதற்கப்புறம் அத்தான் தன் கேமராவை யார் கையிலும் கொடுத்ததில்லை. பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் படம் எடுத்தே பிழைத்தவரின் லட்சணம் இது.

அவரைப் புகழ்ந்து எழுதினால், அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் எந்தப் பந்தியிலும் அவருக்கு, கேமராவுக்குள் ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பிடிக்கும் சென்சார் பற்றிய பேச்சுதான். "மெகாபிக்சலை எண்ணுறவன் ஏமாளி. சிவப்பு எதுல உருகாம நிக்கிதோ அதான் சென்சார்" என்பார். அடுத்தவர் ஆசையாக வாங்கி வந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு விளையாடக் குடுங்க" என்று திருப்பித் தருவார்.

சிவப்பைச் சோதிக்க அவருக்கு அகப்பட்டது அக்காவின் முகூர்த்தச் சேலை. அதை உடுத்தி அவள் மொட்டை மாடியில் உச்சிவெயிலில் நிற்க வேண்டும். மூன்று கம்பெனிக் கேமராக்களை மாற்றி மாற்றி எடுப்பார். தலை சுற்றுகிறது என்றால், "அசையாம நில்லு. நீ அசைஞ்சா பழி சென்சார் மேல விழுந்திரும்" என்பார். பிறகு கம்ப்யூட்டரில் சேலை மடிப்பை மட்டும் பெரிதாக்கி, ஒன்றில் ஆரஞ்சு அடிக்கிறது, ஒன்றில் மடிப்பே தெரியவில்லை, ஒன்றில் நிழலெல்லாம் புள்ளி என்று தீர்ப்புச் சொல்வார். சேலைக்கு மேலே ஒரு முகம் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

ஒருநாள் என் எதிரிலேயே அக்கா கேட்டாள்: "ஒரே ஒரு தடவ என் பக்கத்துல வந்து நில்லுங்களேன். தங்கச்சி எடுக்கட்டும்."

அவர் என் கையைப் பார்த்தார். "அவ கை ஆடும். நல்ல சென்சாரா ஒண்ணு வரட்டும், நின்னுக்கிடுவோம்."

வரவே இல்லை.

கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். முகமெல்லாம் புள்ளி. ஆயுசு முழுக்க அவர் காறித் துப்பிய அதே புள்ளி. வேறு தேடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். அசையாம நிக்காகல்ல" என்றாள் அக்கா.

கேமராக்களை உறவுக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். நான் கேட்டு வாங்கியது அந்த மாடிப் படங்களில் மூன்று, பெரிதாக்காமல் முழுசாக. பீரோவில் இருக்கின்றன. மூன்றிலும் சிவப்பு வேறு வேறுதான். அது மட்டும் அவர் சொன்னபடியே. மூன்றிலும் அக்கா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவைத் தாண்டி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.