கண்ணை மூடாத மாமா

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்துக்குக் கண்ணை மூடாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமா, அவருக்குக் கடவுள் கிடையாது. இன்னொருவன் நான், மாமா மூடுகிறாரா என்று பார்க்கிற வேலை எனக்கு இருந்தது.

நைனா திருத்தணியில் உபதேசியார். மலைமேல் முருகன் இருக்கிற ஊரில், கிருத்திகைக்குக் கிருத்திகை ஜனம் காவடியோடு வந்து இறங்குகிற ஊரில், ஸ்டேஷன் சாலை வேப்பமரத்தடியில் நின்று இயேசுவைப் பற்றிப் பேசுவது அவருக்கு உத்தியோகம். மீன் சந்தையில் கீரை விற்கிற மாதிரிதான். அம்மாவின் தம்பியான மாமா, கனகம்மாசத்திரத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். அம்மாவோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவர்தான். எங்கேயோ கூட்டம் கேட்டு, எதையோ படித்து, கறுப்புச் சட்டைக்கு மாறிவிட்டார். அது துணி கண்ட்ரோல் காலம். ஊருக்கெல்லாம் தைக்கிறவருக்குச் சொந்தமாக அந்த ஒரே சட்டை.

கிருத்திகைக்கு முதல் நாளே சைக்கிளில் வந்து, சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவார். மறுநாள் காலை எங்கள் கூழைக் குடித்துவிட்டு, மரத்தடியில் நைனாவுக்கு எதிரே நின்று கேள்வி கேட்பார். சாயங்காலம் எங்களோடு ஜெபத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டுப் படுப்பார். ஜெபம் தொடங்குமுன் அம்மா குழம்புச் சட்டியை அவர் பக்கமாகத் தள்ளி வைப்பாள். முழங்கால் போடுகிற எங்களுக்கு இல்லாத மரியாதை இவருக்கு எதற்கு என்று எனக்கு எரிச்சல்.

யுத்தம் முடிந்த சமயம், எனக்கு ஒன்பது வயது. உபதேசியார்களுக்கெல்லாம் மேலான பாதிரியாரைப் பெரிய ஐயர் என்போம். அந்தக் கிருத்திகைக்கு அவரே வருவதாகக் கடிதம் வந்தது. மரத்தடியில் எத்தனை பேர் நின்று கேட்கிறார்கள் என்று பார்ப்பாராம். யாரும் நிற்கவில்லையென்றால் எங்களை மணவூருக்கு மாற்றிவிடுவாராம். நைனா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். மணவூரில் ரயில் நிற்கும், அதோடு சரி. காவடியிலிருந்து உதிர்கிற மயிலிறகு அங்கே கிடைக்காது. என் வாசகப் புத்தகத்துக்குள் பதினோரு இறகுகள் குட்டி போடக் காத்திருந்தன. அந்த விசுவாசத்தை நைனாவிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

பெரிய ஐயர் எதிரில் மாமா ஏடாகூடமாகக் கேட்டு நைனாவை மடக்கிவிட்டால் எங்கள் கதி மணவூர்தான். ஆகவே முதல் நாள் ஜெபத்தில், மாமா நாளைக்கு மரத்தடிக்கு வரக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆண்டவருக்கு வேலை அதிகம் இருக்குமே என்று, விடிந்ததும் நானும் கொஞ்சம் கை கொடுத்தேன். கொடியில் காய்ந்த கறுப்புச் சட்டையை எடுத்து எருமையின் கழுநீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டேன்.

மாமா வீடு முழுக்கத் தேடினார். நைனா வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

மரத்தடியில் பாட்டுப் பாடினார். தமிழில் பேசினார், தெலுங்கில் பேசினார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஜனம், வெள்ளம் கல்லைச் சுற்றிப் போவது போல அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரே ஒருவர் நின்றார். குளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். நைனா பிரசங்கத்தை நிறுத்தி வழி சொன்னார். ஜட்காவிலிருந்து பெரிய ஐயர் இறங்கிக் குடையை விரித்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நைனாவோ அவரைப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். நைனாவின் வெள்ளை ஜிப்பாவைப் போட்டிருந்தார். அது அவருக்கு முழங்காலைத் தொட்டது.

"இன்னா பாவா, போன மாசம் மழைக்கு ஜெபம் பண்ணீங்களே, வந்துதா?"

நைனாவின் முகத்தில் அந்த மழையே வந்த மாதிரி இருந்தது. "வரலப்பா" என்றார்.

"அப்புறம் இன்னாத்துக்குக் கேட்டுகினே இருக்கீங்க?"

"நீ ரெண்டு வருசமா என்னைக் கேட்டுகினே இருக்கறியே. பதில் கெடைச்சிதுன்னுதான் வர்றியா?"

நாலு பேர் நின்றார்கள். உங்கள் ஆண்டவர் கடவுளாக இருந்தால் கேட்பதற்கு முன்பே கொடுக்கவேண்டியதுதானே என்றார் மாமா.

"குடுத்தாரே. உன்னை மாதிரி ஒரு மச்சான நான் கேட்டனா?"

சிரிப்பு கேட்டு நாற்பது பேர் கூடினார்கள். காவடியை இறக்கி வைத்துக்கூட நின்றார்கள். பள்ளிப்பட்டுக் கிழவர் ஒருவர் என்னைத் தட்டி, இரண்டு பேரில் சாமி இல்லை என்கிறவர் யார் என்று கேட்டார். காட்டினேன். "பாத்தா அப்படித் தெரியலயே" என்றார். மாமாவின் கறுப்புச் சட்டைத் தோழர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் வந்தார்கள். எப்போது மதம் மாறினாய் என்று கேட்டுச் சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்துபோனது. ஆனால் அடுத்த கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார்.

பெரிய ஐயர் தலைகளை எண்ணுவதைப் பாதியில் விட்டு நோட்டை மூடினார். போகும்போது மாமாவின் கையைக் குலுக்கி, தம்பி எந்தச் சபை என்று விசாரித்தார். தம்பிக்குக் கனகம்மாசத்திரம் என்று நைனா பதில் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நாங்கள் மணவூருக்குப் போகவில்லை. ஒரே மாதிரி இரண்டு ஜிப்பாவை வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் கூடியது, எல்லாம் கழுநீர்த் தொட்டியின் மகிமை என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். சாயங்காலம் அம்மா அந்தச் சட்டையைக் கண்டுபிடித்துப் பிழிந்தபடி, எருமை இழுத்துப் போட்டிருக்கும் என்றாள்.

"அந்த எருமைக்கு ஒம்பது வயசு இருக்கும்க்கா" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

ஊரே விரதமிருக்கும் நாளில் எங்கள் கருவாட்டு வாசனை தெருவுக்குப் போகாமல் அம்மா முன்கதவைச் சாத்தினாள். சட்டியை வழக்கம்போல மாமா பக்கம் தள்ளினாள். இந்த வீட்டில் இருக்கிற ஒருவனுடைய கண்களைத் திறந்தருளும் என்று நைனா வேண்டினார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். வெள்ளை ஜிப்பாவில் மாமா சம்மணம் போட்டிருந்தார். பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனை ஒரு காலை உள்ளே வைத்திருந்தது. மாமா சத்தமில்லாமல் ஒரு விரலை உயர்த்தினார். பூனை காலை எடுத்துக்கொண்டது. நைனாவின் ஜெபம் நீண்டுகொண்டே போனது.

மரத்தடியில் மாமா தோற்றுவிட்டார், இனி அடுத்த கிருத்திகைக்கு வரமாட்டார் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, குழம்பு பத்திரமாக இருக்கும் என்ற நிம்மதியில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.