சாமந்தி போகாத குளிர் அறை

அடி அண்ணாமலையில் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. பூ விவசாயிகளுக்காக வெளிநாட்டு உதவியில் கட்டிய குளிர் அறையைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வந்திருக்கிறேன். சாமந்திக் கூடைகள் ஈரச்சாக்கு மூடி வாசலில் கிடக்கின்றன. உள்ளே நான்கு விவசாயிகள் கம்பளி போர்த்திக்கொண்டு சீட்டாடுகிறார்கள்.

“கதவச் சாத்துங்க, குளிரு போவுது” என்கிறார் அறைச் சாவிக்குப் பொறுப்பான முனுசாமி.

சாத்திவிட்டு, “பூ ஏன் வெளியில கிடக்குது?” என்று கேட்கிறேன்.

“உள்ள வெச்சு எடுத்தா பழைய பூன்னுடுவாங்க. சாமிக்குன்னு யாரும் வாங்க மாட்டாங்க.”

“மேலிடத்துலேர்ந்து பார்க்க வந்தா?”

“ஆபீசர் வர்ற அன்னிக்குப் பூவ உள்ள வெச்சிட்டு நாங்க வெளிய போயிடுவோம்.”

“அந்தப் பூவை அப்புறம் என்ன பண்ணுவீங்க?”

முனுசாமி சீட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “அவருக்கே மாலையா கட்டிப் போட்டுடுவோங்க.”