சித்தப்பா வீட்டு அடுப்பில் அம்மா சுட்ட அப்பம்

அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்தக் கட்டுரையைத் தம்பிதான் எழுதியிருக்க வேண்டும். "அக்காவே எழுதட்டும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டான். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. உறவினர்களாகிய உங்களுக்கு இது தெரியாததல்ல. எல்லாம் நன்றாக இருப்பதுபோல் நான் எழுதினால் அம்மாவுக்கே பிடிக்காது.

அம்மா மொரப்பூருக்குப் பக்கத்தில், சிறு விவசாயக் குடும்பத்தில் நான்கு பெண்களில் மூன்றாமவராகப் பிறந்தார். ரயில் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர், ரயில் எட்டிப் பார்க்காத பென்னாகரம் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். "ரயிலு இல்லாத ஊருல மணி எப்பிடிங்க தெரியும்?" என்று வந்த புதிதில் கேட்டாராம். அப்பா அதைச் சொல்லிக் கடைசிவரை கேலி செய்தார். பிறந்த வீட்டுச் சீராக அம்மா கொண்டுவந்தவற்றில் கனத்த இரும்புத் தோசைக்கல் ஒன்றும் இருந்தது.

எங்கள் வீட்டில் நாள்தோறும் களியும் கூழும்தான். கோதுமை ஆண்டுக்கு ஒருமுறை, ஏசு சீடர்களோடு கடைசியாக உணவருந்திய பெரிய வியாழனுக்கு மட்டுமே வரும். அம்மா அதைத் திரிகையில் அரைத்துச் சலித்து, தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைவார். உப்புகூடச் சேர்க்கமாட்டார்; மாவு புளிக்கவும் கூடாது. அந்தக் கல்லில் ஒரே ஒரு அப்பமாகச் சுட்டு, மேலே கத்தி முனையால் சிலுவை கீறுவார். மாலைப் பூசைக்குப் புறப்படும் முன் அப்பா செபம் சொல்லி அதைப் பிட்டுக் கொடுப்பார். அப்பா வீட்டில் வழிவழியாக ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரோடாவது பிணக்கு வைத்திருப்பவர் அந்த அப்பத்தில் கை வைக்கக் கூடாது.

அந்தக் கட்டுப்பாடுதான் ஒருமுறை எங்கள் வீட்டையே ஆட்டி வைத்தது. சாமியார் லத்தீனை விட்டுத் தமிழில் பூசை வைக்கத் தொடங்கியிருந்த புதிது. மழை பொய்த்த ஒரு கோடையில், சித்தப்பாவின் முறை நாளில் அப்பா கவலை ஏற்றத்தில் மாடு பூட்டிப் பொதுக்கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டார். சித்தப்பாவின் மிளகாய்ச் செடிகள் காய்ந்தன. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அடுத்த பெரிய வியாழன் எங்கள் வீட்டில் அப்பம் இல்லாமலே போயிற்று. அதற்கடுத்த ஆண்டு, உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் சித்தப்பா குடும்பத்தோடு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் புறப்படுவதாகச் செய்தி வந்தது. இப்படியே பிரிந்தால் இனி சேரவே மாட்டார்கள் என்று அம்மா பயந்துபோனார்.

பெரிய வியாழன் காலையிலேயே மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, சித்தப்பாவைக் கூட்டிவர என்னை அனுப்பினார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

"உங்கப்பன் வந்து கூப்புடட்டும், வரேன்" என்றார் சித்தப்பா.

வந்து சொன்னேன். "தப்பு எம்மேலயே இருக்கட்டும். பெரியவன் நானு, அவன் வூட்டுப் படிய மிதிக்கணுமா?" என்றார் அப்பா.

இப்படி மூன்று முறை நடந்தேன். கால் சுட்டதுதான் மிச்சம். பிற்பகலில் அம்மா மாவை மூடியிருந்த ஈரத்துணியை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அவசரத்தில், கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைக்கும் மண்சட்டியிலேயே மாவைப் பிசைந்திருந்தார். எத்தனை கழுவினாலும் அந்தச் சட்டியில் புளிப்பு ஊறியிருக்கும். அடிக்கிற வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? மாவு பொங்கி, வீடெல்லாம் புளித்த வாடை.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நேரே அப்பாவிடம் போனார்.

"எகிப்துல அடிமையா இருந்து கெளம்புன இஸ்ராயேல் சனங்க மாவு புளிக்கிற மட்டும் காத்துட்டு இருந்தாங்களா? பெசஞ்ச மாவத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாங்க. நாமதாங்க குந்திக்கிட்டு, யாரு மொதல்ல வர்றதுன்னு பாத்துட்டு இருக்கறோம். நான் அங்க போய்ச் சுடறேன். வந்தா வாங்க, வராட்டிப் போங்க."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அன்று சொன்னதைவிடத் தெளிவாக அந்த அப்பத்தின் பொருளை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

சலித்து மீந்திருந்த இரண்டு கை மாவை ஒரு துணியில் முடிந்துகொண்டார். தோசைக்கல்லை என் தலையில் ஏற்றினார். சித்தப்பா வீட்டில் அம்மா யாரிடமும் எதையும் விளக்கவில்லை. சித்தியிடம் தண்ணீர் வாங்கி, அவர் வீட்டுத் தட்டிலேயே மாவைப் பிசைந்து, உடனே கல்லில் போட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன அப்பம்.

"பிட்டுக் குடுங்க தம்பி" என்றார்.

சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிணக்கோட நான் எப்பிடி அண்ணி தொடுவேன்?"

அப்பம் ஆறிக்கொண்டிருந்தது. கோவிலில் முதல் மணி அடித்தது. அப்போது வாசலில் அப்பாவின் இருமல் கேட்டது. படியில் நின்றார், மிதித்தார், உள்ளே வந்தார்.

"முறை தப்புனது நாந்தாண்டா."

"வாண்ணா, வந்து குந்து" என்றார் சித்தப்பா. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்பத்தைப் பிட்டார்கள். எனக்குக் கிடைத்தது விரல் நகமளவு. அதற்கு ஈடான ருசியை நான் பிறகு கண்டதில்லை.

சித்தப்பா குடகுக்குப் போகத்தான் செய்தார். ஆனால் ஆண்டுதோறும் பெரிய வியாழனுக்கு வந்துவிடுவார். அப்பா இறந்த பிறகும் வந்தார்.

சென்ற ஆண்டு, ஊர் வீட்டில் தம்பியோடு இருந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும், வைத்தியத்துக்காகத் தருமபுரியில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மூன்று மாதம் வைத்திருந்தேன். "வூட்டுக்குப் போலாம்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். தவக்காலத்தில் என் வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டார். "அம்மாவை அதோட வூட்டுல சாக வுடலியே" என்று தம்பி கல்லறையில் கேட்டான். நான் பதிலுக்குக் கத்தினேன். பிறகு அவன், அம்மா என் வீட்டுக்கு வரும்போது கூடவே எடுத்து வந்திருந்த அந்தத் தோசைக்கல்லைக் கேட்டு அனுப்பியபோது, தர முடியாது என்றேன்.

அம்மாவை இரவு பகல் பாராமல் கவனித்த நர்சம்மாவுக்கும், குழி வெட்டிய ஊர்ப் பிள்ளைகளுக்கும், தள்ளாத வயதில் குடகிலிருந்து வந்து சேர்ந்த சித்தப்பாவுக்கும், இன்று பூசையில் எங்களோடு செபித்த உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் என் நன்றி. குடும்பம் என்று எழுதும்போது தம்பியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மாவின் ஆண்டு நிறைவுக்கு மறுநாளே இம்முறை பெரிய வியாழன் வருகிறது. தம்பி, "வூட்டுக்குப் போலாம்" என்று அம்மா கேட்டபோதே நான் கூட்டி வந்திருக்க வேண்டும். தப்பு என்மேல்தான். நாளை முதல் பஸ்ஸில் தோசைக்கல்லோடு வருகிறேன். மாவை இங்கிருந்து பிசைந்து எடுத்து வரமாட்டேன். நீ அடுப்பை மட்டும் பற்றவைத்து வை.